தால் ஏரியில் இரண்டு இரவு, குல்மர்க்கில் ஐந்து: கோவையிலிருந்து பனிச்சறுக்குப் பயணம்

கோவை, திருப்பூர், ஈரோட்டில் கிடைக்கும் காஷ்மீர் பேக்கேஜ்களில் குல்மர்க்குக்குப் பெரும்பாலும் ஒரு பகல்தான் ஒதுக்கியிருப்பார்கள். காலையில் ஸ்ரீநகரில் கிளம்பி, கேபிள் காரில் ஒரு சுற்று, சறுக்கு வண்டியில் ஒரு இழுப்பு, காலில் கட்டும் சறுக்குப் பலகையான ஸ்கீயை மாட்டிக்கொண்டு நாலு போட்டோ, இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். பனியைப் பார்க்க இது போதும். சறுக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் கணக்கே வேறு. முதல் நாள் பனிச்சறுக்கு பூட்ஸை மாட்டவும் விழாமல் நிற்கவும் சரியாகப் போய்விடும். இரண்டாம் நாள் நிற்கப் பழகுவோம், தொடை பிடித்துக்கொள்ளும். மூன்றாம் நாள்தான் நினைத்த பக்கம் திரும்ப வரும். குல்மர்க்கில் ஐந்து இரவு தங்கினால் நான்கு முழு நாள் கிடைக்கும், அதில் ஒரு நாளைக் காற்றும் மூட்டமும் எடுத்துக்கொள்ளும். அதனால் ஐந்துக்குக் குறைக்காதீர்கள். பட்ஜெட் இடித்தால் பஹல்காம், சோன்மர்க் இரண்டையும் வெட்டுங்கள், குல்மர்க்கில் கை வைக்க வேண்டாம்.

ஸ்ரீநகரில் தால் ஏரிக்கரையில் இரண்டு இரவு, போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. ஏரி அழகுதான், ஆனால் இந்த இரண்டு இரவுக்கும் வேறு வேலை இருக்கிறது. கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர், ஸ்ரீநகர் 1,585 மீட்டர், குல்மர்க் புல்வெளி சுமார் 2,650 மீட்டர். நம்ம தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். அதாவது குல்மர்க்கில் ஓட்டல் வாசலில் நிற்பதே தொட்டபெட்டா உச்சியில் நிற்பதற்குச் சமம். அங்கிருந்து கேபிள் காரின் முதல் கட்டம் கொங்டூரியில் சுமார் 3,100 மீட்டருக்கும், இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேலும் ஏற்றிவிடும். அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் கிட்டத்தட்ட அறுபது சதவீதம்தான். ஸ்ரீநகரில் ஒரு இரவு, குல்மர்க்கில் இரண்டு இரவு கழித்த பிறகு மேல் கட்டத்துக்குப் போனால் உடம்பு தாங்கும். இறங்கிய அன்றே உச்சிக்குப் போனால் தலைவலி, குமட்டல், தூக்கமில்லாத ராத்திரி என்று வரிசையாக வரும். இதய, நுரையீரல் கோளாறு உள்ளவர்கள், ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். திரும்பும்போது தங்கும் ஏரிக்கரை இரவு எதற்கு என்பதை விமானக் கணக்கில் சொல்கிறேன்.

தேதியை முதலில் முடிவு செய்ய வேண்டும், அதில்தான் நம்ம ஊர்க்காரர்கள் தவறுகிறார்கள். பொங்கல் லீவு நான்கைந்து நாள் சேர்ந்து வருவதால் எல்லோருக்கும் கண் ஜனவரி நடுவில்தான். காஷ்மீரில் டிசம்பர் 21-இல் தொடங்கும் கடுங்குளிர் நாற்பது நாளுக்குச் சில்லை கலான் என்று பெயர். அடுத்த இருபது நாள் சில்லை குர்த், அதற்கடுத்த பத்து நாள் சில்லை பச்சா. பொங்கல் சரியாக முதல் நாற்பதுக்குள் விழுவதால் பனி நிச்சயம் என்று நினைத்துவிடுகிறோம். குளிர் நிச்சயம், பனிக்கு அந்த உறுதி கிடையாது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் வந்தால்தான் அங்கே பனி விழும். மழைமறைவில் இருக்கும் கொங்குப் பக்கத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஐப்பசி வந்துவிட்டால் மட்டும் மழை வந்துவிடுமா? 2024 ஜனவரியில் பாதி மாதம் தாண்டியும் குல்மர்க் புல்வெளி காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. அங்கே நடக்கும் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் அந்த வருடம் பிப்ரவரி 21-க்கும், 2025-இல் மார்ச் 9-க்கும் தள்ளிப்போயின.

ஆகவே ஜனவரி கடைசி வாரம் முதல் பிப்ரவரி மூன்றாம் வாரம் வரைக்குள் ஒரு வாரத்தைப் பிடியுங்கள். அதற்குள் அடியில் பனி கட்டியாகப் படிந்திருக்கும், மேலே புதுப்பனியும் விழுந்துகொண்டிருக்கும். பழனிக்குப் பாதயாத்திரை போகும் குடும்பங்கள் தைப்பூசத் தேதியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், அது இதே காலத்தில்தான் வரும். மஞ்சள் போட்டவர்களுக்கு அறுவடையும் அப்போதுதான். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அடுத்த வருடத்துக்குத் தள்ளுவதே நல்லது. பொங்கலைத் தவிர வேறு வழியே இல்லை என்பவர்கள், தேதி மாற்றிக்கொள்ள இடம்தரும் ஓட்டலையும் டிக்கெட்டையும் மட்டும் எடுங்கள்.

பயணம். கோவையிலிருந்து டெல்லி சுமார் மூன்று மணி நேரம், டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் ஒன்றரை மணி நேரம். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். டிசம்பர், ஜனவரியில் டெல்லியின் மூடுபனி நள்ளிரவுக்குப் பிறகு இறங்கி, காலை ஒன்பது பத்து மணி வரைக்கும் நிற்கும். ஸ்ரீநகரில் பனி பெய்தால் ஓடுபாதை மூடிவிடும். அதிகாலை இணைப்பை நம்பினால் இரண்டில் ஒன்று கெடும். மதியமே டெல்லி போய் அங்கே தங்கி, மறுநாள் பதினொரு மணிக்குப் பிறகு கிளம்பும் ஸ்ரீநகர் விமானத்தைப் பிடிப்பதுதான் பாதுகாப்பு. அதே நாளில் இணைத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆரில் இருக்கட்டும். தனித்தனி டிக்கெட்டாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது டிக்கெட்டின் பணம் போனது போனதுதான்.

திரும்பும்போது குல்மர்க்கிலிருந்து நேராக விமான நிலையத்துக்கு வரவே கூடாது. ராத்திரி பனி கொட்டினால் மலைப்பாதை காலையில் திறக்காது. முந்தின நாளே இறங்கி ஏரிக்கரையில் தங்குங்கள், அந்த இரண்டாவது இரவு இதற்குத்தான். ஸ்ரீநகர் விமான நிலையத்தில் வெளிவாசலிலேயே பெட்டியெல்லாம் இறக்கி ஸ்கேன் செய்வார்கள், உள்ளே மறுபடியும் சோதனை உண்டு. மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

ரயிலில் போகிறவர்களுக்கு, கன்னியாகுமரியிலிருந்து ஜம்முவை அடுத்த கட்ரா போகும் வாராந்திர ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் கோவை, ஈரோடு வழியாகத்தான் போகிறது. ஏறத்தாழ இரண்டரை நாள் ஆகும். 2025 ஜூனில் செனாப் ரயில் பாலம் திறந்ததிலிருந்து கட்ராவில் வந்தே பாரத் ஏறி மூன்று மணி நேரத்தில் ஸ்ரீநகர் போய்விட முடிகிறது. ஜம்மு நெடுஞ்சாலை பனியிலும் மண்சரிவிலும் அடைபடும் நாட்களில் இது பெரிய உதவி.

2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பல சுற்றுலா இடங்களை மூடி, படிப்படியாகத் திறந்தார்கள். பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறையும், கிளம்பும் வாரத்தில் ஒருமுறையும் அரசு அறிவிப்புகளைப் பாருங்கள். இன்னொன்று, வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டும்தான். குடும்பத்தில் இரண்டு பேராவது ஒரு மாதம் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். விமான டிக்கெட், ஓட்டல் ரசீது, ஆதார் எல்லாவற்றையும் காகிதத்தில் எடுத்துப் போவதும் இதற்காகத்தான்.

இனி துணிமணி. திருப்பூர்க்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும், ஆனாலும் அவர்களே சறுக்குகிற இடம் இது. பனிமலையில் பருத்தி கூடாது. சறுக்கும்போது வேர்க்கும். பருத்தி அந்த வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. சரிவில் மேலே ஏற்றிவிடும் லிஃப்டில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்தால் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே காட்டன் பனியனும் மேலே விலையுயர்ந்த ஜெர்கினும் போட்டவர் நடுங்குவதும், உள்ளே பாலியஸ்டர் போட்டவர் சாதாரண ஜெர்கினில் சமாளிப்பதும் இதனால்தான்.

மூன்று அடுக்கு போதும். தோலை ஒட்டி 150 முதல் 200 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) வரையிலான பாலியஸ்டர் இன்டர்லாக் பின்னல் துணி, அல்லது மெரினோ கம்பளி, கொஞ்சம் லைக்ரா கலந்திருந்தால் உடம்போடு நிற்கும். நடு அடுக்குக்கு ஃப்ளீஸ். இங்கேதான் கவனம் வேண்டும். நம்ம ஊர் நிட்டிங்கில் வெறுமனே ஃப்ளீஸ் என்று கேட்டால் உள்பக்கம் பிரஷ் செய்த பருத்தித் துணியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள், ஸ்வெட்ஷர்ட் தைக்கிற துணி. பார்க்கக் கனமாக, கதகதப்பாக இருக்கும், நனைந்தால் கதை முடிந்தது. போலார் ஃப்ளீஸ் என்று பெயர் சொல்லி, நூறு சதவீதம் பாலியஸ்டரா என்று கேட்டு வாங்குங்கள், 200 ஜி.எஸ்.எம். சரியாக இருக்கும். திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சத்தில் தேடினால் முதல் இரண்டு அடுக்கும் ஷோரூம் விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கும். லேபிளில் துணிக் கலவையைப் படிக்காமல் மட்டும் வாங்காதீர்கள். வெளி அடுக்கு தண்ணீர் புகாத ஜெர்கினும் பேன்ட்டும், நீர்த்தாங்கும் அளவு 10,000 மில்லிமீட்டராவது இருக்கட்டும். இவை குல்மர்க்கிலும், அதற்குக் கீழே உள்ள தங்மர்க்கிலும் வாடகைக்கே கிடைக்கும். கையுறையை மட்டும் சொந்தமாக, இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள், ஒன்று நனைந்தால் மற்றொன்று. மஃப்ளர் வேண்டாம், தொங்குகிற எதுவும் லிஃப்டில் மாட்டும். கழுத்துக்கு வளையமாகப் போடும் உறை போதும்.

வாடகைப் பொருளில் முக்கியம் பூட். பனிச்சறுக்கு பூட் அளவை பாதத்தின் நீளத்தை சென்டிமீட்டரில் வைத்துச் சொல்வார்கள், வீட்டிலேயே சுவரோரம் குதிகாலை வைத்து அளந்து குறித்துக்கொண்டு போங்கள். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கம் லேசாகத் தட்ட வேண்டும், முழங்காலை மடித்து முன்னால் சாய்ந்தால் விரல் விலக வேண்டும், குதிகால் தூக்கக் கூடாது. நம்மாட்கள் செருப்பு வாங்குவது போல் கொஞ்சம் லூசாகவே கேட்பார்கள். லூசான பூட்டுக்குள் கால் நீந்தும், நீங்கள் திருப்புவது ஸ்கீக்குப் போய்ச் சேராது, அதைச் சரிக்கட்ட பக்கிளை இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று கால் மரத்துவிடும். பூட்டுக்குள் ஒரே ஒரு மெல்லிய நீள சாக்ஸ்தான் போக வேண்டும். இரண்டு சாக்ஸ் போட்டால் மடிப்பு விழுந்து அழுத்தும், குளிரும் கூடும். உள்பேன்ட்டின் முனையைப் பூட்டுக்குள் திணித்தாலும் கணுக்காலுக்கு மேல் கொப்புளம் வரும். முந்தின சாயங்காலமே போய் எடுத்து வையுங்கள். காலையில் போனால் முந்தின நாள் யாரோ போட்டு ஈரமான பூட்தான் மிஞ்சும்.

ஸ்கீயின் நீளம் புதிதாகப் பழகுகிறவருக்குத் தாடையை எட்டினால் போதும். அதன் ஓரத்தில் ஓடும் இரும்புப் பட்டையை விரலால் தடவிப் பாருங்கள், துரு பிடித்து மழுங்கியிருந்தால் வேறு கேளுங்கள், இறுகிய பனியில் அது பிடிக்காது. பைண்டிங் என்பது பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைத்து, விழும்போது விடுவிக்கும் கவ்வி. உங்கள் எடை, உயரம், வயது, பூட்டின் அடிநீளம் சொல்லி அதைத் திருகி வைக்கச் சொல்லுங்கள். அதிகம் இறுக்கினால் விழும்போது கழலாமல் முழங்கால் ஜவ்வு கிழியும், லூசாக விட்டால் ஓட்டத்தில் தானாகக் கழன்று கவிழ்த்துவிடும். முந்தைய ஆளுக்கு வைத்த அளவிலேயே வாங்கிக்கொண்டு நடப்பதுதான் வாடகைக் கடைகளில் நடக்கிற பெரிய தப்பு. ஹெல்மெட் கட்டாயம். கண்ணாடியும் அப்படியே, புதுப்பனி புற ஊதாக் கதிரில் எண்பது சதவீதம் வரை திருப்பி அடிக்கும், மேகமூட்டத்திலும் கண் எரியும். சன்ஸ்கிரீனை மூக்குக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும் தடவுங்கள், அங்கே வெயில் கீழிருந்தும் வரும்.

உடம்பைத் தயார் செய்ய எட்டு வாரம் வேண்டும். ஜிம் தேவையில்லை, நம்ம மலைக்கோயில் படிகளே போதும். சென்னிமலையில் 1,320 படி. வாரம் இரண்டு நாள் ஏறுங்கள், ஆனால் பயிற்சி இறங்குவதில்தான் இருக்கிறது. கைப்பிடியைத் தொடாமல், முழங்காலைக் கொஞ்சம் மடித்தபடியே, ஒவ்வொரு படிக்கும் நிதானமாக இறங்குங்கள். சறுக்கும்போது தொடைத் தசை சுமையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது, படி இறங்கும்போதும் அதே வேலைதான். மருதமலை, பழனி எதுவானாலும் சரி. வெள்ளியங்கிரி பிப்ரவரியில்தான் திறக்கும் என்பதால் இதற்கு உதவாது. மற்ற நாட்களில் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்தது போல முப்பது விநாடி, மூன்று முறை. எட்டாவது வாரத்தில் தொண்ணூறு விநாடிக்கு வர வேண்டும்.

ஸ்ரீநகரிலிருந்து குல்மர்க் சுமார் 50 கிலோமீட்டர். கடைசி 13 கிலோமீட்டர், தங்மர்க்கிலிருந்து மேலே, வளைவும் பனியும். பனி விழுந்தால் சங்கிலி கட்டிய வண்டி அல்லது ஃபோர் பை ஃபோர் மட்டும்தான் மேலே போகும், ஸ்ரீநகர் டாக்சி தங்மர்க்கிலேயே இறக்கிவிடும். மேல் வண்டிக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். ஸ்ரீநகரில் வாடகை பேசும்போதே எதுவரை என்று தெளிவாகக் கேட்டுவிட்டால் நடுவழியில் வாக்குவாதம் இருக்காது.

ஓட்டலில் எதைக் கேட்பது? கட்டிலில் மின்போர்வை உண்டா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ராத்திரி முழுக்க ஓடுமா, குழாய் உறைந்தால் வெந்நீர் வாளியில் வருமா, கேபிள் கார் நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை. ஸ்கீயும் பூட்டும் சேர்ந்து கனக்கும், பனியில் அரை கிலோமீட்டர் நடந்தாலே பாதித் தெம்பு போய்விடும். கேஸ் ஹீட்டரோ கரி அடுப்போ அறையில் இருந்தால், படுப்பதற்கு முன் அணைத்துவிட்டு, ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ஏரிப் படகு வீட்டிலும் இதே விதிதான். தால் ஏரியின் மேல் உறைந்து நிற்கும் பனித்தகட்டில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். 2021 ஜனவரியில் ஸ்ரீநகர் மைனஸ் 8.4 டிகிரிக்குப் போன குளிரிலும் அதில் நடக்க வேண்டாம் என்றுதான் நிர்வாகம் எச்சரித்தது.

சறுக்கு பழக, புல்வெளியிலேயே இருக்கும் சின்னச் சரிவுகளில் இரண்டு நாள். முழுமையாகக் கற்க விரும்பினால் மத்திய அரசின் இந்திய பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றப் பயிற்சி நிலையம் குல்மர்க்கிலேயே இருக்கிறது, அதன் வகுப்புகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தனிப் பயிற்றுநர் என்றால் மணிக்கணக்கில் பேசாமல் நாள் கணக்கில், ஒரே ஆளை எல்லா நாளுக்கும் பேசுங்கள்.

ஸ்கீயைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, கீழ்ப்பக்கத்து ஸ்கீயை முதலில் மாட்ட வேண்டும். மாட்டவில்லை என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பூட்டின் அடியில் இறுகிய பனிதான் காரணம், கையில் பிடிக்கும் ஸ்கீ குச்சியின் முனையால் சுரண்டிவிட்டு மறுபடி மிதியுங்கள். முதலில் கற்பது முன்நுனி இரண்டையும் நெருக்கி, வால் இரண்டையும் விரித்து, உள்விளிம்பை அழுத்தி நிற்கும் ஆப்பு வடிவம். இதுதான் பிரேக், பிறகு இதுவே திருப்பமும் ஆகும், வலது காலில் எடை போட்டால் இடப்பக்கம் திரும்பும். பயத்தில் எல்லோரும் பின்னால் சாய்வார்கள். சாய்ந்தால் முன்நுனியில் எடை இருக்காது, ஸ்கீ பேச்சைக் கேட்காமல் வேகமெடுக்கும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு பூட்டின் நாக்கை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றது தானாக வரும். விழுவது உறுதியானால் பக்கவாட்டில், மேட்டுப்பக்கமாக விழுங்கள். குச்சியின் வாரைக் கையில் மாட்டாமல் பிடித்தால் கட்டைவிரல் பிழைக்கும்.

மூன்றாம் நாள் கொங்டூரிக்கு ஏறலாம். கேபிள் கார் டிக்கெட்டை இணையத்தில் தேதி போட்டு முன்பே எடுத்துவிடுங்கள். பலத்த காற்றிலும் பனிச்சரிவு அபாயத்திலும் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். மேல் கட்டத்தின் சரிவுகள் புதியவர்களுக்கானவை அல்ல. ரோந்துக்காரர்கள் பார்த்துக்கொள்ளும் எல்லைக்கு வெளியே போகவே கூடாது. 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி அபர்வத்திலும், 2024 பிப்ரவரி 22-ஆம் தேதி கிலன்மர்க்கிலும் பனிச்சரிவில் இறந்தவர்கள் நன்றாகச் சறுக்கத் தெரிந்த வெளிநாட்டினர். அபர்வத்துக்கு அப்பால் அல்பத்தர் ஏரி இருக்கிறது, ஜூன் வரைக்கும் உறைந்தே கிடக்கும். குளிர்காலத்தில் அங்கே கூட்டிப்போகிறேன் என்று யாராவது பேசினால் மறுத்துவிடுங்கள், கோடையில் நடந்து போய்ப் பார்க்க வேண்டிய ஏரி அது.

சட்டைப்பையில் வறுத்த நிலக்கடலையும் பேரீச்சையும் இருக்கட்டும். கடலை உருண்டை குளிரில் கல்லாகி பல்லைப் பதம் பார்க்கும். போனை உள்சட்டையில், உடம்பை ஒட்டி வையுங்கள், வெளிப்பையில் வைத்தால் பாதி சார்ஜில் அணைந்துவிடும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது சாகச விளையாட்டு விலக்கு என்ற வரியைத் தேடிப் படியுங்கள். சாதாரண விபத்துக் காப்பீட்டில் பெரும்பாலும் அது இருக்கும், பனிச்சறுக்கைப் பெயர் சொல்லிச் சேர்த்த பாலிசியாக வாங்கினால்தான் கால் உடைந்தால் பணம் வரும்.